மரத் துண்டுப் புதிர்கள்: ஓர் உபதொழிலுக்கு வேண்டிய மூன்று அளவுகள்

பலகையொன்றில் வரைந்த உருவத்தை வளைந்து செல்லும் கோடுகளில் அறுத்துத் துண்டுகளாக்கி, அத்துண்டுகளை மீண்டும் ஒன்றோடொன்று பொருத்தி உருவத்தை அமைக்கும் விளையாட்டுப் பொருளே மரத் துண்டுப் புதிர் எனப்படுவது. இதனைச் செய்வதற்குப் பெரிய தொழிற்சாலை வேண்டுவதில்லை. உறுதியான மேசை, நல்ல வெளிச்சம், மெல்லிய பிளேடு பூட்டிய கை ரம்பம் அல்லது மின்சாரத்தால் இயங்கும் சிறிய ரம்ப யந்திரம், சில உப்புத்தாள்கள் ஆகியவை இருப்பின் போதும். இந்த யந்திரத்தையே கடைக்காரர்கள் ‘ஸ்க்ரோல் சா’ என்று அழைக்கின்றனர். பயிர்த்தொழிலுக்கு இடைப்பட்ட ஓய்வு நாட்களிலும் மாலை வேளைகளிலும் வீட்டிலிருந்தபடியே செய்யத்தக்க உபதொழில் இது.

இத்தொழிலைத் தொடங்குவது எளிது; அதனை நிலைபெறச் செய்வதே அரிது. கைத்திறன் குறைவினால் மட்டும் இத்தொழில் நொடிப்பதில்லை. திறமை மிக்கவர்களும் மூன்று அளவுகளைக் கவனியாமையால் நஷ்டமடைகின்றனர். முதலாவது, மரத்தில் உள்ள ஈரத்தின் அளவு. இரண்டாவது, துண்டின் பருமனளவு. மூன்றாவது, உழைப்பில் செலவாகும் நேரத்தின் அளவு. இம்மூன்றையும் எவ்வாறு கணிப்பது என்பதை ஈண்டுக் காண்போம்.

புதிரின் வரலாறு

இவ்வகைப் புதிர் முதலில் விளையாட்டுக்காகத் தோன்றியதன்று, பாடத்துக்காகத் தோன்றியது. 1760-ஆம் ஆண்டுகளில் லண்டன் நகரில் வரைபடம் செதுக்குபவராயிருந்த ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர், தேசப்படங்களை மெல்லிய பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோடு வழியே அறுத்து விற்றார். குழந்தைகள் துண்டுகளைச் சேர்ப்பதன் மூலம் பூகோளம் கற்றனர்.

1930-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், அமெரிக்காவில் நேர்ந்த பெரும் பொருளாதார மந்தத்தின்போது, வேலையிழந்தோர் பலர் தம் வீடுகளில் மரப் புதிர்களை அறுத்து விற்றும் வாடகைக்கு விட்டும் வருவாய் தேடினர். ஆனால் அதே காலத்தில் அட்டையை அச்சினால் ஒரே அழுத்தில் வெட்டும் முறை பரவிற்று. அட்டைப் புதிர்கள் மிகக் குறைந்த விலைக்கு மலிந்தன. கையால் அறுப்பவர் விலையில் யந்திரத்தோடு போட்டியிட இயலாது. பொருத்தத்திலும் உறுதியிலும் உள்ளூர்த் தன்மையிலுமே போட்டியிட இயலும். இந்த உண்மை இன்றும் மாறவில்லை.

முதல் அளவு: மரத்தின் ஈரம்

நம் நாட்டில் மரப் பொம்மைத் தொழில் தழைத்த இடங்களில் எல்லாம் அதற்கேற்ற மரத்தைத் தெரிந்தெடுக்கும் வழக்கம் இருந்து வருகிறது. கர்நாடகத்தில் சன்னபட்டணத்துக் கடைசல் பொம்மைகளுக்கு வெட்பாலை மரம் பயன்பட்டது. ஆந்திரத்தில் கொண்டப்பள்ளிப் பொம்மைகளுக்குப் ‘பொனிக்கி’ என்னும் மிக இலேசான மரம் பயன்படுகிறது. துண்டுப் புதிருக்கு நெருக்கமான நாரும், சிம்பு எழாத தன்மையும், கடும் வாசனையின்மையும் உள்ள மரம் வேண்டும். பால் வடிந்து ஓய்ந்தபின் வெட்டப்படும் ரப்பர் மரம், பூச்சி அரிக்காதபடி பதப்படுத்தப்பட்டதாயின், இதற்கு ஏற்றது. குமிழ மரமும் நன்கு உதவும். தட்டில் அடுக்கும் மெல்லிய புதிர்களுக்கு 6 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை போதும். தாமே நிற்கும் மிருக உருவங்களுக்கு 18 முதல் 25 மில்லிமீட்டர் கனமுள்ள பலகை வேண்டும்.

மரம் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று விரியும், இழந்து சுருங்கும். நீளவாட்டில் இம்மாறுதல் மிகச் சொற்பம். அகலவாட்டிலோ கணிசமானது. ஈரப்பதம் 4 சதவீதம் உயரும்போது, 200 மில்லிமீட்டர் அகலமுள்ள பலகை, மர இனத்துக்கேற்ப, 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை விரியக்கூடும். ஒரே பலகையில் அறுத்த துண்டுகள் யாவும் சேர்ந்தே விரிவதால் அவற்றின் பொருத்தம் பெரிதும் கெடுவதில்லை. ஆனால் கனமரத் துண்டுகளை ஒட்டுப்பலகைத் தட்டில் இறுக்கமாகப் பொருத்தி விற்றால், கோடையில் செய்த புதிர் மழைக்காலத்தில் தட்டை விட்டு வெளிவராது. ஒட்டுப்பலகை விரியாமையே இதற்குக் காரணம். ஆகவே தட்டுக்கும் துண்டுக்கும் இடையே சிறிது இடைவெளி விடுவது அவசியம்.

ஈரத்தை அளக்கும் முறை எளியது. பள்ளிப் பரிசோதனைச் சாலையிலேயே செய்யலாம். பலகையின் ஓரத்தை விடுத்து, நடுப்பகுதியிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி எடை பார்க்கவேண்டும். பின்னர் அதனை ஏறக்குறைய 103 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள உலர்த்தும் பெட்டியில் வைத்து, எடை மேலும் குறையாத நிலை வரும்வரை உலர்த்தவேண்டும். முதலெடை 120 கிராம், உலர்ந்த எடை 108 கிராம் எனில், இழந்த நீர் 12 கிராம். அதனை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரப்பதம் 11.1 சதவீதம் ஆகும். இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப 8 முதல் 12 சதவீதம் வரை உள்ள மரமே இவ்வேலைக்கு உகந்தது. அதற்கு மேற்பட்ட ஈரமுள்ள பலகை அறுத்தபின் கோணும், பூச்சும் உரியும்.

அறுக்கும் முறை

உருவப்படத்தைப் பலகையில் தற்காலிகமாக ஒட்டுமுன், மேசைத்தளம் பிளேடுக்குச் செங்குத்தாக உள்ளதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்க்கவேண்டும். அறுத்த துண்டு மேற்புறமாகவும் கீழ்ப்புறமாகவும் தடையின்றி வெளிவருமாயின் தளம் சரியாக உள்ளது. ஒரு புறமாக மட்டும் வருமாயின் தளம் சாய்ந்துள்ளது. இச்சாய்வைத் திருத்தாமல் உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்ய முயல்வது வீண் உழைப்பு.

துண்டுகளை இணைப்பது கொண்டையும் குழியுமாகும். கொண்டையின் கழுத்து மரத்தின் நார் ஓட்டத்துக்கு இணையாக அமையவேண்டும். நாருக்குக் குறுக்காக அமைந்த மெல்லிய கழுத்து, குழந்தை ஒருமுறை திருகினாலே ஒடியும். பிளேடைத் தளர்வாகப் பூட்டினால் வெட்டு வளைந்து செல்லும். பலகையை வேகமாகத் தள்ளினால் பிளேடு முறியும். பலகையைத் திருப்பும் வேகம் பிளேடின் போக்கை ஒத்திருக்கவேண்டும். மெல்லிய ஒட்டுப்பலகைகள் இரண்டை இருபுறமும் ஒட்டும் நாடாவால் சேர்த்து ஒரே தடவையில் அறுப்பதன் மூலம் நேரத்தைப் பெரிதும் மிச்சப்படுத்தலாம்.

மரத்தூளைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு. நெடுநாள் பழக்கத்தில் மூக்குப் பகுதியில் புற்றுநோய்க்கும் அது காரணமாகக் கூடும். மூக்குக்கவசமும் கண்ணாடியும் அணிந்தே வேலை செய்யவேண்டும். சமையலறையிலோ குழந்தைகள் உறங்கும் அறையிலோ அறுத்தலாகாது.

இரண்டாம் அளவு: துண்டின் பருமன்

மூன்று வயது நிரம்பாத குழந்தை கைக்குக் கிட்டியதை வாயிலிடும். ஆகவே துண்டின் பருமன் அழகைப் பற்றிய விஷயமன்று; உயிரைப் பற்றிய விஷயம். பொம்மைகளின் பாதுகாப்புக்கென வகுக்கப்பட்ட தரங்களில் இதற்கொரு சோதனைக் குழல் விதிக்கப்பட்டுள்ளது. அதன் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர், அடி சாய்வாக அமைந்து, ஆழம் ஒருபுறம் 25.4 மில்லிமீட்டரும் மறுபுறம் 57.1 மில்லிமீட்டரும் ஆகும். எந்த நிலையில் வைத்தாலும் சரி, ஒரு துண்டு இக்குழலுக்குள் முழுவதும் அடங்குமாயின், அப்புதிர் மூன்று வயதுக்குட்பட்டோருக்கு உரியதன்று. ஒவ்வொரு துண்டின் நீளமும் அகலமும் 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வரைந்தால் இவ்வபாயம் நேராது. யானையின் வால், மீனின் கண் போன்ற சிறு பகுதிகளைத் தனித் துண்டாக்காமல் பெரிய துண்டோடு சேர்த்தே விடவேண்டும்.

பூச்சைப் பொறுத்தும் எச்சரிக்கை வேண்டும். மஞ்சள், சிவப்பு முதலிய பளபளக்கும் வர்ணங்களிற் பலவற்றில் முன்பு ஈயச் சேர்க்கைகள் கலந்திருந்தன. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி 2017 நவம்பர் முதல் அமலுக்கு வந்தது. எனினும் பழைய டப்பாக்களையும், பெயர்ச்சீட்டில்லாத வர்ணங்களையும் குழந்தைப் பொருளுக்கு அறவே விலக்கவேண்டும். நம் நாட்டில் ஏராளமாக விளையும் அவலரக்கு, தூய சாராயத்தில் கரைத்துப் பூசுவதற்கு ஏற்றது. சன்னபட்டணத்துப் பொம்மைகளுக்கு மெருகு தருவதும் அரக்கே. ஆயினும் வெந்நீர் பட்டால் அரக்குப் பூச்சு வெளிறும் என்பதை வாங்குவோருக்குச் சொல்லிவிடவேண்டும்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 2020-இல் பிறப்பிக்கப்பட்ட பொம்மைகள் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் அமலில் உள்ளது. அதன்படி 14 வயதுக்குட்பட்ட சிறுவர் விளையாடுவதற்குரிய பொம்மைகள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை பெற்றிருத்தல் வேண்டும். கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்துகொண்ட கைவினைஞர் தாமே செய்து விற்கும் பொருள்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. ‘சிறு அளவில் செய்பவருக்கு விதியே இல்லை’ என்று கருதுவது தவறு. பதிவே விலக்கைத் தருகிறது. விலக்குப் பெற்றவரும் மேற்கூறிய குழல் சோதனையைத் தாமாகவே செய்துகொள்வது கடமையாகும்.

மூன்றாம் அளவு: உழைப்பின் நேரம்

விலை நிர்ணயத்தில் நேரும் பிழையே இத்தொழிலை மிகுதியும் கெடுப்பது. பொருட்செலவை மட்டும் கூட்டி, அதன்மேல் சிறிது சேர்த்து விலை வைப்பது பலர் வழக்கம். வீட்டார் உழைப்பு கணக்கில் சேருவதே இல்லை. இதன் விளைவை ஒரு மாதிரிக் கணக்கால் விளக்கலாம். இதிலுள்ள தொகைகள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை; அவரவர் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்க.

ஒரே வகையான 10 புதிர்கள் செய்வதற்கு மரம் 450 ரூபாய், பிளேடு 150, உப்புத்தாளும் பூச்சும் 220, மின்சாரமும் யந்திரத் தேய்மானமும் 150, பெட்டி 200. ஆகப் பொருட்செலவு 1,170 ரூபாய். நேரமோ, படம் ஒட்ட 30 நிமிஷம், அறுக்க 250, தேய்க்க 200, பூச 100, பெட்டியிலிட்டு அனுப்ப 80. ஆக 660 நிமிஷம், அதாவது 11 மணி. மணிக்கு 80 ரூபாய் கூலி எனக் கொண்டால் 880 ரூபாய். மொத்தச் செலவு 2,050 ரூபாய். பத்தில் ஒன்று பழுதாகும் எனின், விற்பனைக்குரியவை 9. ஆகவே புதிர் ஒன்றின் அடக்கவிலை ஏறக்குறைய 228 ரூபாய்.

பொருட்செலவு ஒன்றுக்கு 117 ரூபாய்தானே என்று கருதி 200 ரூபாய்க்கு விற்பவர், 83 ரூபாய் லாபம் வந்ததாக மகிழ்வார். உண்மையில் 9 புதிர்களால் வந்த 1,800 ரூபாயில் பொருட்செலவு போக, 11 மணி நேர உழைப்புக்குக் கிடைத்தது 630 ரூபாயே. மணிக்கு 57 ரூபாய். அதையே 30 சதவீதக் கழிவு கேட்கும் கடையில் கொடுத்தால் கைக்கு வருவது 1,260 ரூபாய். பொருட்செலவு போக மீதி 90 ரூபாய். மணிக்கு 8 ரூபாய் மட்டுமே. கடை மூலம் விற்பதாயின் அடக்கவிலையை ஈடுசெய்யவே 326 ரூபாய் விலை வைக்கவேண்டும் என்பது இதனால் விளங்கும். அவ்விலைக்கு வாங்குவார் இல்லையெனில், நேரத்தைக் குறைக்க வழி காணவேண்டும். இல்லையேல் வேறு உருவத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும். வேலை தொடங்கிய மணியையும் முடிந்த மணியையும் ஒரு நோட்டில் குறித்துவைப்பது யந்திரத்துக்கு எண்ணெயிடுவதைப் போன்று அவசியமானது.

விற்பனை

பெருந்தொழிற்சாலைகள் செய்யாததைச் செய்வதே கைவினைஞருக்கு நன்மை. அந்தந்த மாநில மொழியின் எழுத்துக்கள், குழந்தையின் பெயர், ஊர்ப்பக்கத்துப் பறவைகள், மாவட்ட வரைபடம் ஆகியவை நல்ல விலை பெறும். சினிமா, தொலைக்காட்சிச் சித்திரப் பாத்திரங்களை உரிமையின்றி வெட்டி விற்றலாகாது. இந்திய தேசப்படத்தைப் புதிராக்குவோர் இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட எல்லைக்கோட்டையே பின்பற்றவேண்டும்.

பாடசாலைகளும் அங்கன்வாடிகளும் இயல்பான சந்தையாகும். 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை இளம் பிராயத்தில் விளையாட்டு வழிக் கல்வியை வலியுறுத்துகிறது. 2023 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட ‘ஜாதுயி பிட்டாரா’ என்னும் கற்றல் பெட்டியிலும் புதிர்கள் இடம் பெற்றுள்ளன.

முதலீட்டுக்கு, 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ‘பிரதம மந்திரி விசுவகர்மா’ திட்டம் உதவக்கூடும். பரம்பரைத் தச்சரும் பொம்மை செய்வோரும் அதில் அடங்குவர். கருவிகளுக்கு 15,000 ரூபாய் வரை உதவியும், 5 சதவீத வட்டியில் ஈடில்லாக் கடனும் அதில் உண்டு. அரசுப் பணியிலிருப்போரும் அவர்தம் குடும்பத்தாரும் அதில் சேர இயலாது.

பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

இத்தொழிலில் இறங்க விரும்புவோரைக் கிராமப் பணியாளர் முதலில் யந்திரம் வாங்கத் தூண்டலாகாது. கை ரம்பத்தால் 5 புதிர்கள் செய்து, நேரத்தைக் குறித்து, அவற்றை உள்ளூரில் விற்றுப் பார்த்தபின் கடன் விண்ணப்பத்தை நிரப்புவதே முறை. கைவினைஞர் பதிவை முதல் விற்பனைக்கு முன்பே முடித்துவைக்கவேண்டும்.

ஆசிரியர் தம் வகுப்பில் ஈரப்பதப் பரிசோதனையை விஞ்ஞானப் பாடமாகவும், மேற்கண்ட விலைக் கணக்கைக் கணிதப் பாடமாகவும் நடத்தலாம். சோதனைக் குழலின் அளவுகளை அட்டையில் வரைந்து, ஒரு மாதிரிக் குழல் செய்து பாடசாலையில் வைத்திருந்தால், ஊரிலுள்ள கைவினைஞர் தம் துண்டுகளைக் கொண்டுவந்து முதற்சோதனையாக இட்டுப் பார்த்துக்கொள்வர். அதனுள் அடங்கும் துண்டு எதுவாயினும், அதன் படத்தை அன்றே திருத்தி வரைந்துவிடவேண்டும்.