பூனையை விரட்ட வேண்டாம்... மண்ணை மாற்றுங்கள்!

வேப்பம்பட்டில் என்னைப் பார்க்க வந்த அந்த மாமியாரும் மருமகளும் உள்ளே நுழையும்போதே வழக்கோடுதான் வந்தார்கள். மருமகளுக்கு மூன்றாம் மாதம்.

"நீங்களே சொல்லுங்க டாக்டர். வயித்துல புள்ளை இருக்கறப்ப வீட்ல பூனை இருக்கலாமா? கொண்டுபோய் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வான்னு சொன்னா, இவ அழறா!"

நான் மருமகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "பூனைக்கு மண் வெச்சிருக்கீங்களேம்மா, அதை யார் அள்றாங்க?"

"நான்தான் டாக்டர். ஞாயித்துக்கிழமை மொத்தமா அள்ளிக் கொட்டிடுவேன். நடுவுல நாத்தம் வந்தா ஃபினாயில் ஊத்துவேன்."

தப்பு பூனையிடம் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது. எப்படி என்கிறீர்களா?

ஒரு நாள் கணக்கு

டாக்ஸோபிளாஸ்மா என்று ஒரு நுண்ணுயிரி. 1908லேயே இதைக் கண்டுபிடித்துவிட்டாலும், பூனையின் மலத்தில் இதன் முட்டை போன்ற உருண்டைகள் வெளியேறுகின்றன என்பது 1970 வாக்கில்தான் தெளிவானது. கர்ப்ப காலத்தில் முதல்முறையாக இது தொற்றினால் வயிற்றுக் குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கக்கூடும். கருச்சிதைவும் ஏற்படலாம்.

இதில் நமக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. மலத்தோடு வெளியே வந்தவுடனே இந்த உருண்டைகளால் தொற்ற முடியாது. அதற்கு ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை ஆகும். அன்றன்றே அள்ளிவிட்டால் ஆபத்து மிகவும் குறைந்துவிடும். ஒரு வாரம் விட்டுவைத்தால்? ஞாயிற்றுக்கிழமை கையில் படுவது தயாராகிவிட்ட கிருமி!

அதற்காகப் பூனை வளர்ப்பவர்கள் எல்லோரும் பயந்து நடுங்க வேண்டாம். எலி, பச்சை மாமிசம் தின்று முதல்முறை தொற்று வாங்கிய பூனைதான் பெரும்பாலும் இதை வெளியேற்றும். அதுவும் இரண்டு மூன்று வாரம்தான். வீட்டுக்குள்ளேயே வளர்ந்து, வெந்த சாப்பாடு சாப்பிடும் பூனையிடம் இது அபூர்வம். சரியாக வேகாத கறி, கழுவாத கீரை, தோட்டத்து மண் வழியாகவும் மனிதருக்கு இது வரும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

எப்படிச் சுத்தம் செய்வது?

பூனை தாராளமாகத் திரும்பி உட்காரும் அளவுக்கு ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பேசின் போதும். சலித்த மணல், மரத்தூள், தேங்காய் நார்த்தூள் எதையாவது இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குப் போடுங்கள். கடையில் விற்கும் களிமண் குருணையும் நல்லதுதான். 1947ல் அமெரிக்காவில் எட் லோ என்பவர் சாம்பலுக்குப் பதிலாகப் பூனைக்குப் போடக் கொடுத்தது, நம் பெண்கள் முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டி வகையைச் சேர்ந்த மண்தான்! ஈரம் பட்டால் கட்டியாகும் குருணையைச் சின்னக் குட்டிகளுக்குப் போடாதீர்கள். தின்றுவிடும்.

தினமும் காலையிலோ மாலையிலோ ஒரு நேரம் வைத்துக்கொண்டு, கரண்டியால் அள்ளிக் கவரில் இறுக்கிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். கழிவறையில் கொட்டினால் களிமண் ஊறிக் குழாயை அடைத்துக்கொள்ளும். கிணற்றோரமும் கீரைப் பாத்தியும் கூடவே கூடாது. ஈர மண்ணில் அந்த உருண்டைகள் ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும்.

வாரம் ஒரு தடவை முழு மண்ணையும் மாற்றுங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் விட்டு, வெயிலில் காயவையுங்கள்.

"வேப்பிலை, மஞ்சள் போட்டு அலசினா போதாதா டாக்டர்?" என்றார் மாமியார். ஊர்ப் பெயரிலேயே வேம்பு! ஆனாலும் சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: இந்தக் கிருமிக்கு வேப்பிலையை நம்பாதீர்கள். பிளீச்சிங் பவுடருக்கே அது மசியாது. சூடுதான் அதற்கு எமன்.

இவை வேண்டாம்

ஃபினாயிலும் கற்பூரமும் பூனைக்கு விஷம். அவற்றை முறிக்கும் சக்தி அதன் ஈரலுக்குக் குறைவு. காலில் பட்டதை நக்கியே உள்ளே தள்ளிவிடும். பிளீச்சிங் பவுடர் பூனை மூத்திரத்தோடு சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் வாயு கிளம்பும். வாசனைப் பொடி நாற்றத்தை மறைக்குமே தவிர, கிருமியைத் தொடாது.

கைவைத்தியம் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குப்பைமேனிக்குப் 'பூனைவணங்கி' என்றும் ஒரு பெயர் உண்டு. அதன் வேரைக் கண்டால் பூனை சொக்கிப்போகும். அந்தச் செடி இருக்கிற இடத்தில் பூனையும் புரண்டிருக்கும். பறித்ததும் இலையையும் கையையும் நன்றாகக் கழுவுங்கள்.

மண் சொல்லும் சேதி

தினமும் அள்ளுவதில் இன்னொரு லாபம், பூனையின் உடம்பும் உங்களுக்குத் தெரிந்துவிடும். கடுவன் பூனை அடிக்கடி மண்ணில் உட்கார்ந்து முக்கி, மூத்திரம் வராமல் எழுந்தால் அடைப்பாக இருக்கலாம். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்ப்பார்கள்.

கடைசியாக மாமியாரிடம் சொன்னேன். "பூனை இருக்கட்டும்மா. குழந்தை பிறக்கிறவரைக்கும் மருமக அந்த மண்ணைத் தொட வேண்டாம். வேற ஆளே இல்லாத அன்னிக்கு மட்டும் கையுறை போட்டு அள்ளி, சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். பிரசவம் பார்க்கிற டாக்டர்கிட்டயும் பூனை வளர்க்கிறதைச் சொல்லுங்க. தேவைன்னா அவங்க ரத்தப் பரிசோதனை எழுதுவாங்க."

அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப யாரு அள்றது? எனக்கு இடுப்பு வளையாது... இவ புருஷன் சும்மாதானே டிவி பார்த்துக்கிட்டிருக்கான்!"

மருமகள் அப்போதுதான் சிரித்தாள்.