நீரிற் கரையும் பீடைநாசினி உறை

பொலிவைனைல் அற்ககோல் நீரிற் கரையும் செயற்கைப் பல்பகுதியமாகும். 1924ஆம் ஆண்டில் ஜேர்மனியில் ஹேர்மன், ஹேனல் என்போர் இதனை முதலில் ஆக்கினர். நெசவாலைகளிற் பாவுநூலுக்குக் கஞ்சியாகவும், கடதாசிக்குப் பூச்சாகவும், பசையாகவும் இது பயன்படுகின்றது.

எண்ணெயில் இது கரைவதில்லை. நீரில் எளிதிற் கரையும். ஆதலாற் சில பீடைநாசினித் தூள்கள் இதனாலான மெல்லிய உறைகளில் அடைக்கப்படுகின்றன. தூள் கையிற் படாது, மூக்கிலும் ஏறாது. கமக்காரர் உறையை வெட்டாது, உலர்ந்த கையுறை அணிந்து எடுத்து, தெளிகருவித் தாங்கியிலுள்ள நீரில் இட்டு, முற்றாகக் கரையும்வரை கலக்குதல் வேண்டும். ஈரக்கை பட்டால் உறை கரைந்து நஞ்சு வெளிப்படும்.

போரன் உரம் கலந்த நீரில் உறை நன்கு கரையாது, கூழ்போலத் திரண்டு தெளிமுனையை அடைக்கும். எனவே, அவ்வுரம் தெளித்த தாங்கியை முன்னரே நன்கு கழுவுக. எஞ்சிய உறைகளை ஈரம் படாதவாறு மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும்.