பாலத்தில் ஒரு சாக்ஸஃபோன்

கேள்வி: அமெரிக்க ஜாஸ் கலைஞர் சோனி ராலின்ஸ், பேரும் புகழுமாக இருந்தபோதே கச்சேரிகளை விட்டுவிட்டு ஒரு பாலத்தில் போய் நின்று வாசித்தாராமே! கதையா, நிஜமா? அவர் வாசிப்பை எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நிஜமேதான். 1956-ல் பதிவான 'சாக்ஸஃபோன் கொலோஸஸ்' இசைத்தட்டு அவரை உச்சத்தில் உட்கார வைத்தது. முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால், ஊர் புகழ்கிற அளவுக்குத் தன் வாசிப்பு இல்லை என்று அவருக்கே பட்டது. 1959-ல் மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

வீட்டிலேயே சாதகம் செய்திருக்கலாம். டெனர் சாக்ஸஃபோன் சத்தம் சுவருக்குள் அடங்குமா? அக்கம்பக்கத்தில் ஒரு கர்ப்பிணி வேறு. அதனால் நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்து நடைபாதைக்குப் போனார். கீழே ஆற்றில் படகுகள், பக்கத்தில் தடதடவென்று ரயில். எவ்வளவு பலமாக ஊதினாலும் யாருக்கும் தொந்தரவில்லை. சில நாட்களில் 15 மணி நேரம்கூட வாசித்திருக்கிறார். (மைக் கட்டித் தெருவையே எழுப்புகிறவர்கள் கவனிக்க!)

1961-ல் மேடைக்குத் திரும்பினார். அடுத்த வருஷம் வந்த இசைத்தட்டின் பெயரே 'த பிரிட்ஜ்'. 1960-களின் கடைசியில் மறுபடியும் ஒதுங்கி, மும்பை பவாய் ஆசிரமத்தில் யோகம் பயின்றார்.

நீங்கள் 'செயின்ட் தாமஸ்' கேட்டுத் தொடங்குங்கள். சின்ன வயதில் அம்மாவிடம் கேட்ட கரீபிய மெட்டு அது. முதலில் டிரம்ஸ் மட்டும்தான். பிறகு சாக்ஸஃபோன் துள்ளிக்கொண்டு நுழையும். 'த பிரிட்ஜ்' அப்புறம் போதும். 'செயின்ட் தாமஸ்' ஏழு நிமிஷம்கூட இல்லை, காபி ஆறுவதற்குள் கேட்டுவிடலாம்.