வாரத் தவணையும் மாதச் சம்பளமும்

பண்டாரவளை
2025 ஓகஸ்ட் 17

அன்பு மகளுக்கு,

உன் கடிதமும் அதோடு மடித்து வைத்திருந்த கணக்கும் கிடைத்தன. பட்ட கடன் எல்லாவற்றையும் மறைக்காமல் ஒரே தாளில் எழுதியிருக்கிறாய். அதை எழுத எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். "நான் ஊதாரி ஆகிவிட்டேன் பெரியம்மா" என்று அடியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதில் ஊதாரிச் செலவு ஒன்றும் இல்லை. மகனின் காய்ச்சலுக்குப் பட்ட கடன், கூரைத் தகரம் மாற்றிய கடன், பிறகு அந்தக் கடனைக் கட்டப் பட்ட கடன். இவ்வளவுதான்.

உன் கடன் எங்கே வளர்ந்தது என்று சொல்கிறேன். சம்பளம் உனக்கு மாதத்தில் ஒரு தரம், பத்தாம் திகதி வருகிறது. குழுக் கடன்காரர் வாரத்தில் ஒரு தரம், வெள்ளிக்கிழமை, வருகிறார். முதல் வாரம் கையில் காசு இருக்கும், கட்டிவிடுவாய். இரண்டாம் வாரம் இழுத்துப்பிடித்துக் கட்டுவாய். மூன்றாம் வெள்ளிக்கிழமை கையில் ஒன்றும் இருக்காது. குழுவில் உள்ள மற்றப் பெண்களின் முகத்தைப் பார்த்து வெட்கப்பட்டுச் சித்தியிடம் கைமாற்று வாங்குவாய். அல்லது அரிசியைக் கடைக் கொப்பியில் எழுதச் சொல்லிவிட்டு அரிசிக் காசைத் தவணைக்குக் கொடுப்பாய். இரண்டாவது கடன், அந்தச் செவ்வாய்க்கிழமைக் கடன், இந்த மூன்றாம் வாரத்தில் பிறந்ததுதான். இந்த ஓகஸ்டில் ஐந்து வெள்ளிக்கிழமை இருப்பதைக் கலண்டரில் பார்த்தாயா? ஒக்டோபரிலும் ஐந்துதான். தீபாவளியும் அந்த மாதத்தில்தான் வருகிறது.

முதற்கடன் 60,000 ரூபாய், 52 வாரம், வட்டி 24 வீதம் என்று எழுதியிருக்கிறாய். அந்த 24-ஐ நம்பாதே. வட்டி 14,400-ஐ முதலிலேயே சேர்த்து, மொத்தம் 74,400-ஐ 52-ஆல் பிரித்து வாரம் 1,431 வாங்குகிறார்கள். அரை வருஷம் போனதும் முதல் தொகையில் ஏறக்குறையப் பாதியை நீ திருப்பிக் கொடுத்திருப்பாய். ஆனாலும் முழு 60,000-உம் உன் கையில் இருப்பதுபோல அதே வட்டியைத்தான் கட்டிக்கொண்டிருப்பாய். குறைந்துகொண்டு போகும் நிலுவைக்குக் கணக்குப் போட்டால் வருஷ வட்டி 40 வீதத்தைத் தாண்டும். இரண்டாவது 40,000-க்கும் இதே கணக்கு, வாரம் 954. இந்த ஓகஸ்டில் ஐந்து வெள்ளியும் நான்கு செவ்வாயும் சேர்ந்து 10,971 ரூபாய். ஜூலையில் உனக்கு விழுந்தது 17 பேர், அதாவது 17 நாள் வேலை. நாளுக்கு 1,350 படி 22,950. அதில் சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில் காசு எல்லாம் பிடித்த பிறகு மிஞ்சியதில் பாதிக்கு மேல் இந்த இரண்டு கடனுக்கே போய்விடும். மிச்சத்தில் ஒரு குடும்பத்தை நடத்த எவளால் முடியும்?

ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை நம்முடைய பக்கம் பேர் குறைவதுதான் வழக்கம். நமுனுகுல மலையில் மோதி வரும் அந்த வறண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுகிறது, கொழும்பு ஏலத்தில் விலையும் ஏறுகிறது. மலையில் கொழுந்து குறைகிறது, கொழுந்து எடுக்கிறவளுக்குப் பேரும் குறைகிறது. இது வருஷா வருஷம் வருவது. ஆகவே குடும்பக் கணக்கை மழை மாதச் சம்பளத்தை வைத்துப் போடாதே. 17 பேர் விழுந்த மாதத்தை அளவாக வைத்துப் போடு. நவம்பரில் அதற்கு மேல் வருவதெல்லாம் கடனுக்கென்று இப்போதே முடிவு செய்துவிடு.

முதல் வேலை, மருமகனிடம் சொல்வது. செவ்வாய்க்கிழமைக் கடன் அவருக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். புறக்கோட்டைக் கடையில் இராத்தூக்கம் இல்லாமல் மூட்டை இறக்கி மாதம் 30,000 அனுப்புகிற மனிதர், குடியும் இல்லாதவர். உன் பக்கத்தில் நிற்கக்கூடிய ஒரே ஆளிடம் மறைத்துக்கொண்டு இந்தக் கணக்கை நீ தனியாக முடிக்க முடியாது. செப்டம்பர் 7-ஆம் திகதி போயா விடுமுறைக்கு வருகிறார் அல்லவா? வந்த அன்றே, பிள்ளைகள் தூங்கிய பிறகு, இந்தத் தாளை அவர் முன்னால் வை. கோபப்படுவார், படட்டும். லோன்காரர் லயக் காம்பரா வாசலில் நின்று சத்தம் போடும்போது பக்கத்து வீட்டார் சொல்லித் தெரிந்துகொண்டால் அந்தக் கோபம் வேறு மாதிரி இருக்கும்.

பிறகு பெட்டியில் இருக்கிற சங்கிலி. அம்மா போட்டது, மகளுக்கு வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அது எனக்குப் புரியாததல்ல. ஆனால் 40 வீதத்துக்கு மேல் வட்டி கட்டிக்கொண்டே பொன்னைப் பெட்டியில் பூட்டி வைப்பதால் மகளுக்கு ஒன்றும் மிஞ்சப் போவதில்லை. பதுளை டவுனில் அரசாங்க வங்கிகளில் அடகுப் பிரிவு இருக்கிறது. வட்டியைக் கேட்டு எழுதிக்கொண்டு வா. குழுக் கடனைவிட மிகக் குறைவாகத்தான் இருக்கும். தெருவோர அடகுக் கடைக்குப் போகாதே. வங்கியிலும் அவர்கள் தருகிறோம் என்று சொல்கிற முழுத் தொகையை வாங்காதே, உனக்குத் தேவையானதை மட்டும் வாங்கு. மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக முதலைக் கட்டலாமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்.

ஆனால் சங்கிலியை வெளியே எடுக்கும் முன்பு ஒரு காரியம் செய்ய வேண்டும். இரண்டு லோன் கம்பனியிடமும் போய், "இன்றைக்கே முழுதாக முடித்தால் எவ்வளவு?" என்று கேட்டு எழுத்தில் வாங்கு. சில இடத்தில் மீதி வாரங்களின் வட்டியைக் கழிப்பார்கள். சில இடத்தில் ஒரு சதமும் கழிக்கமாட்டார்கள். கழித்தால், சங்கிலியை வைத்து உடனே முடி. கழிக்காவிட்டால் அவசரப்பட்டு முடிப்பதில் உனக்கு இலாபம் இல்லை. அப்போது ஒரு மாதத் தவணைக்கு மட்டும் அடகுக் காசை வாங்கி, நாலைந்து உறையில் போட்டு, ஒவ்வொரு உறையிலும் திகதி எழுதி வை. அடுத்த சம்பளத்தில் அந்த உறைகளைத் திரும்ப நிரப்பு. ஒரு மாதம் முன்னால் நிற்கப் பழகிவிட்டாய் என்றால் மூன்றாம் வெள்ளி வந்தாலும் சித்தி வீட்டுக்குப் போக வேண்டியிருக்காது. எதையெதை முதலில் அடைப்பது என்று கேட்டிருந்தாய். வட்டி கூடியதை முதலில் அடை. சித்திக்கு வட்டி இல்லை, அவளிடம் நேரே போய் "பொங்கலுக்குப் பிறகு தருகிறேன்" என்று தவணை சொல். சொல்லாமல் முகத்தை மறைத்துக்கொண்டு திரிந்தால்தான் உறவு கெடும்.

கடைக் கொப்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 18,500 ரூபாய் நிற்கிறது. முதலாளி நல்லவர், வட்டி போடுவதில்லை என்கிறாய். விலையிலேயே போட்டுக்கொள்கிறார், மகள். டவுனில் மா ஒரு கிலோ என்ன விலை, கொப்பியில் என்ன விலை என்று இந்த மாதம் ஒப்பிட்டுப் பார். சம்பளத்தன்று அவருக்கு 3,000 கொடுத்துக் கொப்பியில் கழிக்கச் செய். அரிசி, மா, பருப்பு, சீனி நான்கையும் காசு கொடுத்து மாதத்துக்கு ஒரு தரம் டவுனில் வாங்கு. பஸ் காசு போனாலும் மிஞ்சும். கொப்பியில் புதிதாக எழுதுவது உப்பும் நெருப்புப் பெட்டியுமாக இருக்கட்டும்.

தீபாவளி அட்வான்ஸ் எடுக்கலாமா என்று கேட்டாய். எடு. அதற்கு வட்டி இல்லை, சம்பளத்தில் மாதா மாதம் கழிக்கிறார்கள். சித்தியின் கைமாற்றைத் தவிர இவ்வளவு மலிவான கடன் உனக்கு வேறில்லை. ஆனால் காசு கைக்கு வரும் முன்பே பிள்ளைகளின் உடுப்புக்கு இவ்வளவு, செவ்வாய்க்கிழமைக் கடனுக்கு இவ்வளவு என்று தாளில் எழுதி மருமகனிடம் காட்டிவிடு. உனக்குச் சேலை அடுத்த வருஷம் வாங்கலாம்.

எதைக் குறைப்பது என்ற இடத்தில் முட்டையையும் பால்மாவையும் வெட்டியிருக்கிறாய். அதை நான் அடித்துவிட்டேன். 2016-ஆம் ஆண்டு நாடளாவிய கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டில் 17 வீதம், தோட்டங்களில் 31 வீதத்துக்கும் மேல். நம் பிள்ளைகளின் தட்டிலிருந்து எடுத்து எத்தனை தலைமுறையாகக் கடன் கட்டியிருக்கிறோம் என்பதை அந்த எண் சொல்கிறது. தோட்டப் பாடசாலையில் முன் வரிசையில் உட்கார்ந்து பத்து மணிக்கே கண் சொருகும் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவள் நான். சின்னவளுக்கு அப்படி ஒன்று வர நான் விடமாட்டேன். அஸ்வெசும நிவாரணக் காசு வந்தால் அது பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு மட்டும். அந்த வங்கிப் புத்தகத்தை எவரிடமும் ஈடாகக் கொடுக்காதே.

வெட்ட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. இந்த வருஷத்து மொய் எல்லாவற்றையும் கூட்டிப் பார். போகாமல் இரு என்று சொல்லவில்லை, போ. ஐந்நூறு வைக்கிற இடத்தில் இருநூறு வை. உன்னை மதிக்கிறவர்கள் உறையைப் பிரித்துப் பார்த்து மதிப்பதில்லை. பெரியவளுக்குப் பதினொரு வயது. அவளுடைய சடங்குக்கு மண்டபம், வீடியோ, நூறு பேருக்குச் சாப்பாடு என்று இப்போதே வீட்டில் பேச்சு நடப்பதாக அறிந்தேன். அதற்காக ஒரு சதம் கடன் வாங்கக் கூடாது. காம்பராவுக்குள்ளே தண்ணீர் ஊற்றி, நாம் பத்துப் பேர் கூடி, பிள்ளைக்குப் புது உடுப்புப் போட்டு வாழ்த்துவோம். யார் என்ன சொன்னாலும் நான் முன்னால் நின்று பதில் சொல்கிறேன்.

கடன் பட்டதற்காகத் தலை குனியாதே. நம்மை இந்த மலைக்குக் கொண்டுவந்ததே கடன்தான். கப்பல் செலவையும் வழிச் சாப்பாட்டையும் பெரிய கங்காணி நம் முன்னோர் தலையில் கடனாக எழுதினார். தோட்டம் மாறிப் போக வேண்டுமானால் பட்ட கடனைத் துண்டில் எழுதிக் கொடுப்பார்கள். புதுத் தோட்டம் அதைக் கட்டினால்தான் ஆள் நகரலாம். 1921-இல்தான் சட்டம் போட்டு அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். இன்றைக்கு அதே லயத்துக்கு மோட்டார் சைக்கிளில் லோன் வருகிறது. நீ மட்டும் மாட்டிக்கொள்ளவும் இல்லை. 2018-இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடனுக்குச் சில இடங்களில் 220 வீதம் வரை வட்டி வாங்குகிறார்கள் என்று சொன்னார். 2021 மார்ச் 8 பெண்கள் தினத்தன்று ஹிங்குராக்கொடையில் இந்தக் கடனில் சிக்கிய பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கி வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் அரசாங்கம் கடனை வெட்டிவிடும் என்று யாராவது சொன்னால் அதை நம்பித் தவணையை நிறுத்திவிடாதே. 2018-இல் அப்படி ஒரு நிவாரணம் வந்தபோது, வறட்சி கண்ட சில மாவட்டங்களில், ஒரு லட்சத்துக்கு உட்பட்டு நிலுவையில் நின்ற பெண்களின் கடன்களுக்குத்தான் அது கிடைத்தது.

லோன்காரர் இரவில் வந்தாலோ, தகாத பேச்சுப் பேசினாலோ, பணிந்து போகாதே. திகதி, நேரம், ஆள், பேசிய வார்த்தை எல்லாவற்றையும் எழுதி வை. மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்று ஓர் இலக்கம் இருக்கிறது. தமிழில் பேசு. உன் குழுவில் இருக்கிற பெண்களிடமும் உன் நிலைமையைச் சொல். நீ கட்டாவிட்டால் அவர்கள்தான் கட்ட வேண்டும் என்று வைத்திருப்பதால், உனக்கு என்ன நடக்கிறது என்று அறிய அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அவர்களிலும் பாதிப் பேர் உன்னைப்போல மூன்றாம் வாரத்தில் திண்டாடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

சேமலாப நிதியில் 30 வீதம் எடுக்கலாம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். அது வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் வைத்தது. பொய்க் காரணம் எழுதிக் கடனுக்கு எடுத்துவிடாதே. கொழுந்து எடுக்கிற கை ஓய்ந்த பிறகு உனக்கென்று இருக்கப்போவது பெரும்பாலும் அதுதான்.

போயாவுக்கு மறுநாள் இரண்டு பேரும் பிள்ளைகளோடு பண்டாரவளைக்கு வாருங்கள். லோன் புத்தகம் இரண்டும், கடைக் கொப்பியும், கடைசி மூன்று மாதச் சம்பளத் துண்டும் எடுத்து வா. கம்பனி எழுதித் தரும் முடிவுத் தொகையை அதற்குள் வாங்கிவிடு. பத்தாம் திகதி சம்பளம் வரும் முன்பு எந்தக் காசு எந்த உறைக்கு என்று மூன்று பேரும் உட்கார்ந்து பிரித்துவிடலாம். கடைசித் தவணை கட்டுகிற அன்று கணக்கு முடிந்தது என்று கம்பனியின் முத்திரையோடு கடிதம் கேட்டு வாங்க மறந்துவிடாதே. அது இல்லாமல் பின்னொரு நாள் வங்கியில் வீட்டுக் கடன் கேட்டுப் போனால் பழைய நிலுவை இன்னும் நிற்பதாகக் காட்டக்கூடும்.

அன்புடன்,
பெரியம்மா