இன்ஜினைத் தொடுவதற்கு முன் டிராபாரை அள



ஓஹியோவில் நீ தங்கியிருக்கும் பண்ணைக்காரர், தம் தாத்தா வாங்கிய ஃபார்மால் எம் டிராக்டரை இழுவைப் போட்டிக்குத் தயார் செய்கிறார் என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. ஆனால், "இன்ஜினில் எத்தனை குதிரைத்திறன் கூட்டினால் ஜெயிக்கலாம்?" என்று கேட்டிருந்தாயே, அதுதான் உறுத்துகிறது. பொறியியல் படிக்கிற பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

முதலில், டிராக்டர் இழுக்க வேண்டிய சுமைவண்டியான ஸ்லெட்டைப் பார். 1929இல் மிசௌரியின் பௌலிங் கிரீனிலும் ஓஹியோவின் வாகன்ஸ்வில்லிலும் இந்தப் போட்டிகள் தொடங்கின. பழைய நாட்களில் வழியெங்கும் ஆட்கள் நின்று, ஸ்லெட் தங்களைக் கடக்கும்போது ஒவ்வொருவராக அதன்மேல் ஏறிக்கொள்வார்கள். சுமை கூடிக்கொண்டே போகும். இன்றைய ஸ்லெட்டில் அந்த வேலையை ஒரு எடைப்பெட்டி செய்கிறது. ஸ்லெட்டின் பின்சக்கரங்கள் உருள உருள, பெட்டி முன்னால் நகர்ந்து, தரையில் தேயும் இரும்புத் தட்டின்மேல் பாரத்தை ஏற்றுகிறது. 300 அடியைத் தாண்டினால் முழு இழுவை. பெரும்பாலான பழைய டிராக்டர்கள் அதற்கு முன்பே நின்றுவிடும். அப்போது கவனி: பலவற்றில் இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கும், பின்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே மண்ணைத் தோண்டும். தோற்றது பிடிமானம், அங்கே இன்னும் பத்துக் குதிரைத்திறன் சேர்த்தால் குழிதான் ஆழமாகும்.

அந்தக் காலத்து விவசாயிக்கு இது தெரிந்திருந்தது. 1923இல் வந்த மெக்கார்மிக்-டீரிங் 10-20 டிராக்டரின் பெயரையே பார்: பெல்ட் போட்டுக் கதிரடிக்கும்போது 20 குதிரைத்திறன், கலப்பை இழுக்கும்போது 10. ஒரே இன்ஜின்தான். நெப்ராஸ்கா டிராக்டர் சோதனை அறிக்கைகளும் இந்த இரண்டையும் தனித்தனியாகவே அளந்தன. கதைப் புத்தகத்தைவிட விறுவிறுப்பானவை அவை, தேடிப் படி. ஃபோர்டு என்ற பெயரை ஒட்டிக்கொண்டு மினியாபொலிஸ் நிறுவனம் ஒன்று விற்ற மட்டமான டிராக்டரை வாங்கி நொந்தவர் வில்மட் குரோஷியர் என்ற விவசாயி. நெப்ராஸ்கா சட்டமன்றத்துக்குப் போனதும் அவர் 1919இல் கொண்டுவந்த சட்டத்தால்தான் அந்தச் சோதனைகள் பிறந்தன.

சரி, ஸ்லெட்டைக் கொக்கியில் மாட்டி இழுக்கும் பின்பக்கத் தண்டான டிராபாருக்கு வருவோம். எடைப் பிரிவு ஒவ்வொன்றிலும் மொத்த எடைக்கு உச்சவரம்பு உண்டு. ஓட்டுநரையும் சேர்த்தே தராசில் ஏற்றுவார்கள். ஆகவே எடையை எங்கே வைப்பது என்பது மட்டுமே உன் கையில் இருக்கிறது. ஸ்லெட்டை 4,500 பவுண்டு விசையோடு இழுப்பதாக வைத்துக்கொள். சக்கர இடைத்தூரம் 90 அங்குலம், கொக்கி தரையிலிருந்து 20 அங்குலம். இழுவிசையை உயரத்தால் பெருக்கி இடைத்தூரத்தால் வகு: 1,000 பவுண்டு முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்கு மாறுகிறது. கொக்கி 18 அங்குலத்தில் இருந்தால் 900 மட்டுமே. ஆக, ஓர் அங்குலத்துக்கு 50 பவுண்டு! பிடிமானத்துக்காக டயர் காற்றைக் குறைக்கிறார்களே, அப்போது டிராக்டரோடு கொக்கியும் கீழே இறங்கும். போட்டி நாளின் காற்றழுத்தத்தில் அளக்காத உயரம் உயரமே அல்ல. பழைய டிராக்டர் பிரிவுகள் பலவற்றில் 20 அங்குலம்தான் வரம்பு. உங்கள் போட்டியின் விதியைப் படித்து, அதன் விளிம்பில் நிறுத்து.

முன்சக்கரம் தரையை லேசாக உரசிக்கொண்டு போவதே சிறந்த நிலை. அதற்குமேல் தூக்கினால் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். முன்னால் தொங்கவிடும் எடைக்கட்டிகள் இதற்காகத்தான். முன்சக்கரத்தில் பாரம் குறைந்திருப்பதால், திசை தவறினால் இடது, வலது பிரேக்குகளைத் தனித்தனியாக மிதித்துத் திருப்புவார்கள். ஆகவே அந்தப் பிரேக்குகள் இரண்டும் ஒழுங்காகப் பிடிக்க வேண்டும்.

ஆனால், "உயரம் நல்லது" என்று பின் அச்சுக்கு மேலே சங்கிலியைக் கட்டிவிடாதே. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் மீட்க முடியாத நிலைக்குப் போய், டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுபவரை நசுக்கிவிடும். உழும்போது கலப்பை பாறையில் மாட்டினால் பழைய டிராக்டர்கள் இப்படித்தான் கவிழ்ந்தன. அந்த ஆபத்தைக் குறைத்தது ஹாரி ஃபெர்குசனின் மும்முனை இணைப்பு. 1939இல் ஃபோர்டு 9என் டிராக்டரோடு அது பரவியது. சென்னை டாஃபேயின் மாஸி ஃபெர்குசன் வண்டிகளில் நீ சிறுவயதில் பார்த்ததும் அதே இணைப்புதான்.

மற்றவை எளிது. மேக்னெட்டோ நல்ல பொறி தர வேண்டும், வால்வுகள் சரியாக உட்கார வேண்டும், கவர்னர் தடுமாறக் கூடாது, கிளட்ச் வழுக்கக் கூடாது. டயருக்குள் எடைக்காகக் கால்சியம் குளோரைடு கரைசல் ஊற்றியிருந்தால் ரிம்மைச் சுரண்டிப் பார். உப்பு அதை அரித்திருக்கலாம். தொடக்கத்தில் சங்கிலியை மெல்ல விறைக்கவிட்டு, பிறகே முழு வேகம் கொடுக்கச் சொல்.

அடுத்த கடிதத்தில் மூன்று எண்களை எழுது: கொக்கியின் உயரம், முன்சக்கர எடை, பின்சக்கர எடை. அவை வரும்வரை அந்த இன்ஜினில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம்.