பழவேற்காட்டுக்குத் தூண்டில் வாங்குகிறீர்களா?

உப்புநீருக்கு என்றாலே தடித்த நரம்பும் பெரிய முள்ளும் கேட்டு வாங்குவது பலரின் வழக்கம். பழவேற்காடு ஏரிக்கு இது பொருந்தாது. இந்த ஏரியின் சராசரி ஆழம் சுமார் 1 மீட்டர்தான். ஓட்டமும் இழுப்பும் முகத்துவாரத்தில்தான் அதிகம். தடித்த நரம்பை நீரோட்டம் வேகமாக இழுக்கும். அதை நிறுத்த ஈயக்குண்டின் எடையைக் கூட்ட வேண்டும். எடை கூடினால் மீன் மெல்லக் கடிப்பது கைக்குத் தெரியாது. மணலடியில் மேயும் கிழங்கானுக்கு வாய் சிறியது. அதற்கு 0.25 மி.மீ. நரம்பும் சிறு முள்ளும், துண்டு இறாலும் போதும்.

பெரிய கொடுவா கடித்தால் அறுந்துவிடாதா என்பது நியாயமான கேள்வி. கொடுவாவின் செவுள்மூடி கூர்மையானது. அது உரசும் இடத்தில்தான் நரம்பு அறுபடும். ஆகவே முள்ளுக்கு மேல் ஒரு முழ நீளம் மட்டும் 0.60 மி.மீ. நரம்பைக் கட்டுங்கள், மற்றது 0.35 மி.மீ. இருக்கட்டும். ரீலின் பிடியைச் சற்றுத் தளர்த்தி வைத்தால் மீனின் பாய்ச்சலை அது தாங்கிக்கொள்ளும்.

முகத்துவாரக் கற்களில் குண்டு சிக்கும் என்பதும் உண்மை. குண்டை மட்டும் மெல்லிய நரம்பில் தனியாகக் கட்டினால், இழுக்கும்போது அது மட்டுமே அறுந்துபோகும். அறுந்த நரம்பை அங்கேயே விடாதீர்கள். பூநாரை, கூழைக்கடா போன்ற பறவைகளின் காலில் அது சுற்றிக்கொள்ளும். வீடு திரும்பியதும் ரீலையும் முள்ளையும் நல்ல தண்ணீரில் அலசி உலர்த்துங்கள். விலை உயர்ந்த கருவியையும் உப்பு அரித்துவிடும்.