நகரத்துப் புறாவும் நமது விதை உளுந்தும்

நகரத்தை ஒட்டிய ஊர் ஒன்றில் நடந்த விவசாயிகள் பயிற்சி முகாமின் முடிவில், சிறு விவசாயி ஒருவர் எழுந்து, "ஐயா, புறாவைக் கொல்ல எந்த மருந்தைத் தானியத்தில் கலந்து வைக்கலாம்?" என்று கேட்டார். அவருக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர். உளுந்து விதைத்த மூன்றாம் நாள் வயலில் பாதி வெறுமையாகிவிட்டது. மறுபடியும் விதை வாங்கி விதைப்பதற்குள் நிலத்தின் ஈரம் போய்விட்டது. பட்டமும் தவறிவிட்டது.

அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் அவர் கேட்ட வழி பயன் தராது. அது மட்டுமல்ல, அவருக்கே கேடாகவும் முடியும். புறாவின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது அதற்குக் கிடைக்கும் தீனியும் தங்கும் இடமுமே. இந்த இரண்டையும் அடைக்காமல் எத்தனை புறாக்களைக் கொன்றாலும் அவை குறையா. இதன் காரணத்தையும், சிறு விவசாயிகள் அதிகச் செலவின்றிச் செய்யக்கூடிய முறைகளையும் இங்கே காண்போம்.

எந்தப் புறா?

நமக்குத் தொல்லை தருவது மாடப்புறா. சாம்பல் நிற உடல், இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டைகள், கழுத்தில் பச்சையும் ஊதாவுமாக மினுமினுப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். நகரத்தில் வெள்ளை, பழுப்பு, கறுப்புக் கலப்பு நிறங்களிலும் இதைக் காணலாம். மரங்களில் கூடு கட்டும் புள்ளிப்புறா, தவிட்டுப்புறா ஆகியவை வேறு. அவை சிறு கூட்டமாக வந்து களை விதைகளையும் பொறுக்குபவை. அவற்றின் மீது பழி போட வேண்டாம்.

மாடப்புறா ஆதியில் மலைப்பாறைகளின் இடுக்குகளில் வாழ்ந்த பறவை. கோயில் கோபுரம், அடுக்குமாடிக் கட்டடம், அரிசி ஆலை, தானியக் கிட்டங்கி, மேம்பாலத்தின் அடிப்பகுதி ஆகிய யாவும் அதன் கண்ணுக்குப் பாறை இடுக்குகளே. இரவில் நகரத்தில் தங்கிவிட்டு, பகலில் தீனி தேடிப் பல கிலோமீட்டர் தொலைவு பறந்து சென்று திரும்பும். ஆகவே நம் வயலில் இறங்கும் கூட்டம் நகரத்திலிருந்து வருவதாகவும் இருக்கலாம்.

எவ்வளவு தின்னும்?

ஒரு புறா நாளொன்றுக்குச் சுமார் 30 கிராம் தானியம் தின்னும். பார்வைக்கு இது சிறிய அளவுதான். 100 புறாக்கள் கொண்ட கூட்டத்துக்கு ஒரு நாளைக்கு 3 கிலோ வேண்டும். ஒரு ஏக்கர் உளுந்துக்கு விதை 8 கிலோ. அதாவது ஒரு ஏக்கருக்கான முழு விதையும் இந்தக் கூட்டத்துக்கு மூன்று நாள் தீனிக்குக்கூடப் போதாது. விதைத்த உளுந்து முளைத்து மேலே வருவதற்கும் ஏறக்குறைய அத்தனை நாட்களே ஆகின்றன. களத்தில் தானியம் காயும்போது அதே கூட்டம் ஒரு மாதம் வந்து போனால் 90 கிலோ வரை போய்விடும். இது ஒரு மூட்டைக்கு மேல் ஆகும்.

தின்பதை விடக் கெடுப்பது அதிகம். எச்சமும் இறகும் கலந்த தானியத்துக்குச் சந்தையில் விலை குறைகிறது.

கொன்றால் ஏன் குறைவதில்லை?

புறா ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டைகள் இடும். சுமார் 18 நாட்களில் குஞ்சு பொரியும். ஏறத்தாழ ஒரு மாதத்தில் குஞ்சு பறக்கத் தொடங்கும். ஆணும் பெண்ணும் தம் தீனிப்பையில் சுரக்கும் பால் போன்ற பொருளைக் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. மற்றப் பறவைகளைப் போலப் புழு பூச்சி கிடைக்கும் காலத்துக்காக அவை காத்திருக்க வேண்டியதில்லை. தானியம் இருந்தால் எந்த மாதத்திலும் குஞ்சு வளரும். தீனி தாராளமாக உள்ள இடத்தில் ஒரு சோடி ஆண்டுக்கு ஐந்து, ஆறு ஈடு வரை முட்டையிடும்.

பிறக்கும் குஞ்சுகள் எல்லாம் பிழைப்பதில்லை. தீனி போதாமல் பல இறந்துவிடும். நாம் பெரிய புறாக்களைக் கொல்லும்போது, மிஞ்சியவற்றுக்குத் தீனியும் இடமும் கூடுதலாகக் கிடைக்கின்றன. இறந்திருக்க வேண்டிய குஞ்சுகள் பிழைத்து அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன.

இதற்குச் சுவிட்சர்லாந்து நாட்டின் பாசெல் நகரம் நல்ல சான்று. அங்கே 1961 முதல் 1985 வரை ஏறத்தாழ ஒரு லட்சம் புறாக்களைச் சுட்டும் பிடித்தும் கொன்றார்கள். ஆனாலும் நகரில் சுமார் 20,000 புறாக்கள் இருந்துகொண்டே இருந்தன. பின்னர் 1988-ல் பாசெல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் டேனியல் ஹாக்-வாக்கர்னாகலும் அவருடைய குழுவினரும் வேறு வழியைக் கையாண்டனர். புறாவுக்குத் தீனி போடுவது நெரிசலையும் நோயையும் உண்டாக்கி அப்பறவைக்கே துன்பம் தருகிறது என்று பொதுமக்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். தீனி குறைந்தது. சுமார் நான்கு ஆண்டுகளில் புறாக்கூட்டம் பாதியாகியது. இருபத்தைந்து ஆண்டுக் காலம் துப்பாக்கி செய்யாததை மக்களின் ஒத்துழைப்பு செய்துவிட்டது.

லண்டன் மாநகரின் டிரஃபால்கர் சதுக்கத்தில் 2003-லும், இத்தாலியின் வெனிஸ் நகரத்துப் புனித மாற்கு சதுக்கத்தில் 2008-லும் புறாவுக்குத் தீனி போடுவது தடை செய்யப்பட்டது. நம் நாட்டில் மும்பை மாநகராட்சி 2025-ல் புறாத் தீனியிடங்களை மூட முற்பட்டபோது எதிர்ப்பு எழுந்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. புறாவுக்கு இரையிடுவதைப் புண்ணியமாகக் கருதுவோர் நம்மிலும் பலர் உண்டு. அவர்களைப் பழிப்பதால் பயனில்லை. உண்மையை எடுத்துச் சொல்லி இணங்க வைப்பதே பலன் தரும்.

விஷம் வைக்காதீர்கள்

விஷம் கலந்த தானியத்துக்குப் புறா எது, மயில் எது என்று தெரியாது. அண்டை வீட்டுக் கோழியும், ஆடும், வயலில் எலி பிடிக்க வரும் ஆந்தையும் அதனால் மடியலாம். குழந்தைகள் கையிலும் அது கிடைக்கக்கூடும். மயில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை. அது இறந்தால் விஷம் வைத்தவர் சிறை செல்ல நேரும். மருந்து நேர்த்தி செய்த விதை மிஞ்சினால் அதையும் வரப்பில் கொட்டாமல் ஆழமாகப் புதைத்துவிட வேண்டும்.

விதைப்பில் கவனம்

கோழி காலால் மண்ணைக் கிளறும். புறா அவ்வாறு கிளறுவதில்லை. மண்ணின் மேல் கண்ணுக்குத் தெரியும் விதையை மட்டுமே அலகால் பொறுக்கும். இந்த ஒரு வேற்றுமையைப் பயன்படுத்திக் கொண்டாலே பாதி விதையைக் காப்பாற்றிவிடலாம்.

1. விதையைத் தூவி விடுவதைவிட ஏர்ச்சாலிலோ விதைப்புக் கருவியாலோ வரிசையாக விதைப்பது நல்லது. உளுந்து, பாசிப்பயறு விதைகள் 3 முதல் 4 சென்டிமீட்டர் ஆழத்தில் விழுந்து, மேலே மண் மூட வேண்டும்.

2. தூவித்தான் விதைக்க வேண்டும் என்றால், விதைத்த அன்றே மேலாக உழுது விதையை மூடவும். "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் மறுநாள் காலையில் புறா முந்திக்கொள்ளும்.

3. வயல் ஓரத்திலும், ஏர் திரும்பும் முனைகளிலும், மூட்டை பிரித்த இடத்திலும் சிந்திய விதையை மண்ணால் மூடவும். கூட்டத்தை முதலில் இறங்கத் தூண்டுவது இதுவே.

4. பக்கத்து வயல்காரர்கள் ஒரே வாரத்தில் விதைத்தால் சேதம் பங்கிடப்படும். தனியாக முந்தி விதைத்தவர் வயலில்தான் கூட்டம் முழுவதும் இறங்கும்.

5. விதைத்த நாளிலிருந்து 7 முதல் 10 நாட்கள் காவல் அவசியம். காலையிலும் பிற்பகலிலும் கவனிக்கவும். முதலில் நாலைந்து புறாக்கள் வந்து இறங்கும். அவை அமைதியாக மேய்வதைக் கண்டே மற்றவை பின்தொடரும். முதலில் வருபவற்றை உடனே விரட்டிவிட வேண்டும்.

6. பளபளக்கும் நாடா, தகர டப்பா, பொம்மை ஆகியவை சில நாட்களுக்கே பயன்படும். ஒரே பொருள் ஒரே இடத்தில் இருந்தால் புறா அதைப் பழகிக்கொள்ளும். மூன்று நாட்களுக்கு ஒரு முறை இடத்தையும் பொருளையும் மாற்றவும்.

களத்திலும் வீட்டிலும்

தானியத்தை ஆள் காவல் உள்ள நேரத்தில் மட்டும் பரப்பிக் காய வைக்கவும். ஆள் உணவுக்குப் போகும்போது குவித்துத் தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் கல் வைக்கவும். வேலை முடிந்ததும் களத்தைப் பெருக்கி, சிந்திய தானியத்தைக் கோழிக்கோ மாட்டுக்கோ எடுத்துச் செல்லவும். சிந்தி விட்ட தானியம் புறாவுக்கு நாம் அனுப்பும் அழைப்பாகும்.

தானியம் வைக்கும் அறையின் சன்னல்கள், கூரைக்கும் சுவருக்கும் இடையேயுள்ள சந்துகள் ஆகியவற்றுக்குக் கம்பிவலை அடிக்கவும். வலைக்கண் 5 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அணில், எலி தொல்லையும் இருந்தால் இன்னும் சிறிய கண் வலை தேவை. வலை அடிப்பதற்கு முன் உள்ளே புறாவோ குஞ்சோ இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளவும்.

புறா உட்காரும் சுவர் விளிம்புகளில் சிமெண்ட் பூச்சாலோ பலகையாலோ செங்குத்தான சரிவு அமைத்தால் அது நிற்க முடியாது. சரிவு 45 பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

கூடு கட்டத் தொடங்கும்போதே குச்சிகளை அகற்றிவிடவும். வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். ஒரு முறை அகற்றியதும் நின்றுவிடாது. மறுபடியும் கட்டும். நாமும் விடாமல் அகற்றினால், அந்த இடத்தைக் கைவிடும்.

கோழி வளர்ப்போர் கவனத்துக்கு

கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் உண்டாக்கும் வகையைச் சேர்ந்த நச்சுயிரி புறாக்களிடமும் உண்டு. கோழித் தீனியையும் தண்ணீரையும் புறா பங்கிட்டுக்கொள்ள விடக் கூடாது. கொட்டகைக்குள் தீனி வைத்து, மிச்சத்தை உடனே அகற்றவும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு, உரிய காலத்தில் தவறாமல் போட்டுக்கொள்ளவும்.

எச்சத்தைச் சுத்தம் செய்யும் முறை

காய்ந்த புறா எச்சத்தின் தூசி மூச்சில் போனால் நுரையீரலில் ஒவ்வாமையும் பூஞ்சைத் தொற்றும் உண்டாகலாம். ஆஸ்துமா உள்ளவர்களும் முதியவர்களும் இவ்வேலையைச் செய்ய வேண்டாம். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் அப்படியே பெருக்கக் கூடாது. முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக நனைக்கவும். மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொள்ளவும். சுரண்டி எடுத்த பின் கை, கால்களைச் சோப்பால் கழுவவும். எடுத்த எச்சத்தை வைக்கோல், சாணத்துடன் கலந்து குழியிலிட்டு நன்கு மக்கிய பின் எருவாக இடலாம். பச்சையாகக் காய்கறிப் பயிருக்கு இட வேண்டாம்.

ஊர் கூடினால்தான் பலன்

ஒருவர் மட்டும் தம் வீட்டை அடைத்தால் கூட்டம் அடுத்த வீட்டுக்குப் போகும். களம், அரிசி ஆலை, நெல் கொள்முதல் நிலையம், நியாய விலைக் கடையின் கிட்டங்கி, பள்ளிக் கட்டடம் ஆகிய அனைத்தும் ஒன்றாகக் கவனிக்கப்பட வேண்டும். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் இதைப் பேசலாம். சிந்திய தானியத்தை நாள்தோறும் கூட்டி எடுப்பது, திறந்த சன்னல்களுக்கு வலை அடிப்பது, பொது இடத்தில் மூட்டை மூட்டையாகத் தீனி கொட்டுவதை நிறுத்துவது ஆகிய மூன்றையும் தீர்மானமாகக் கொண்டு வரலாம். தீனியைத் திடீரென்று நிறுத்தாமல் சில வாரங்களில் படிப்படியாகக் குறைப்பது நல்லது. பசித்த கூட்டம் ஒரே நாளில் வயலில் இறங்குவதை இதனால் தவிர்க்கலாம். விதைப்புக் காலத்துக்கு முன்பே இதைத் தொடங்கிவிட வேண்டும்.

முகாமில் கேள்வி கேட்ட விவசாயிக்கு நான் சொன்ன விடையும் இதுவே. "மருந்து வேண்டாம். அடுத்த முறை விதைத்த அன்றே மண் மூடுங்கள். பத்து நாள் காவல் இருங்கள். களத்தைப் பெருக்குங்கள்" என்றேன். "இவ்வளவுதானா ஐயா?" என்றார் சற்று ஏமாற்றத்துடன். இவ்வளவுதான். ஆனால் இதை ஒரு நாளும் விடாமல் செய்ய வேண்டும். புறா ஒரு நாளும் பசியை மறப்பதில்லை. நாமும் ஒரு நாளும் களத்தை மறக்காமல் இருந்தால், விதைத்த உளுந்து முளைத்து நம் கைக்கே வரும்.